பழைய பிக்கப் வண்டிக்கு மாற்று இருசு

நந்தி மலைப் பக்கத்தில் தோன்றும் பாலாறு கோலார் மாவட்டத்தைக் கடந்து செல்லும் வழியில் பேத்தமங்களா ஏரி அமைந்துள்ளது. கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்த ஏரி இது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன; ஆனால் ஏரியைச் சூழ்ந்த ஊர்களில் பயிர்த்தொழில் ஓயவில்லை. தக்காளி இப்பகுதியின் பெரும் பணப்பயிர். 15 கிலோகிராம் கொள்ளும் பெட்டிகளில் அடுக்கப்பட்டுச் சிறு பாரவண்டிகளில் ஏறி அது சந்தைக்குப் போகிறது. ஐம்பது பெட்டி ஏற்றினால் பாரம் 750 கிலோகிராம்.

பேத்தமங்களாவிலிருந்து புறப்படும் வண்டிக்கு இரண்டு விதமான சாலைகள் எதிர்ப்படுகின்றன. மேற்கே பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை. அதில் ஹொஸ்கோட்டைக்கும் பேத்தமங்களாவுக்கும் இடைப்பட்ட சுமார் 71 கிலோமீட்டர் பகுதி 2024-ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. தென்கிழக்கே செல்வது வெங்கடகிரிக்கோட்டைச் சாலை. அது பீடபூமியின் விளிம்பை அடைந்து, பத்தலப்பல்லி மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கிப் பேர்ணாம்பட்டைச் சேர்கிறது. முன்னது வேகத்தை வேண்டுவது. பின்னது இழுப்பையும் அடக்கத்தையும் வேண்டுவது. பழைய பிக்கப் வண்டியின் பின் இருசு தேய்ந்து, அதை மாற்றும் வேளை வரும்போது, எந்தச் சாலைக்கு ஏற்றதைப் பொருத்துவது என்ற கேள்வி எழுகிறது. ஆக்ஸில் என்று பட்டறைகளில் வழங்கும் உறுப்பையே இங்கே மாட்டுவண்டிக்காரரின் பழஞ்சொல்லால் இருசு என்று குறிக்கிறோம்.

இவ்வகைப் பழைய வண்டிகளுள் ஜீப் குடும்பத்தைச் சேர்ந்தவை பல. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953-இல் வெளியிட்ட சி.ஜே.3பி ஜீப்பை மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் நெடுங்காலம் செய்து வந்தது. அதே இயந்திர அமைப்பைக் கொண்ட எஃப்.சி.150 என்ற சிறு லாரி 1965-இல் இங்கே வெளிவந்தது. இவற்றின் பெட்ரோல் இயந்திரத்தில் சிலிண்டரின் துளை 79 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111 மில்லிமீட்டர். துளை சிறுத்து வீச்சு நீண்ட இயந்திரம் நிதானமாக இழுக்கும். விரைந்து சுழல்வதை விரும்பாது. சி.ஜே.3பி வண்டியின் பின் இருசு விகிதம் 5.38. இரண்டாம் உலகப் போரின் படை ஜீப்பில் அது 4.88 ஆக இருந்தது.

விகிதம் என்பது யாது?

இயந்திரத்திலிருந்து வரும் புரொப்பெல்லர் தண்டு பின் இருசின் நடுக்கூட்டுள் நுழைகிறது. அங்கே அதன் நுனியிலுள்ள சிறு பற்சக்கரமாகிய பினியன், கிரவுன் சக்கரம் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 8 பற்களும் கிரவுனில் 43 பற்களும் இருந்தால், தண்டு ஏறத்தாழ ஐந்தேகால் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். 43-ஐ 8-ஆல் வகுத்தால் வருவது 5.375. இவ்வாறே 39-க்கு 8 என்பது 4.88, 47-க்கு 11 என்பது 4.27, 41-க்கு 11 என்பது 3.73. எண் பெரிதாயின் வேகம் குறைந்து இழுப்பு மிகும். சிறிதாயின் வேகம் மிகுந்து இழுப்புக் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற முடியும். 1964-இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தங்கவயல் ஆலையில் உருவாகும் புல்டோசர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இயந்திரம் விரைந்து சுழன்றாலும் பொறி ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்து மண்மேட்டைத் தள்ளிவிடுகிறது. இடையிலுள்ள பற்சக்கரங்கள் வேகத்தை இழுப்பாக மாற்றித் தருகின்றன.

40-க்கு 8 என்று எளிய எண்களை விட்டு 43-க்கு 8 என்று வைத்தது ஏன் என ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கலாம். நாற்பதும் எட்டும் வைத்தால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரவுனின் அதே ஐந்து பற்களோடு மட்டுமே மோதும். ஒரு பல்லில் குறையிருந்தால் அந்த ஐந்தும் கெடும். பொதுக் காரணி இல்லாத எண்களில் ஒவ்வொரு பல்லும் மற்றெல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கிறது. ஆகையால் தேய்வு சமமாகப் பரவுகிறது. பாடப்புத்தகத்தில் காரணம் தெரியாமல் கற்கும் மீச்சிறு பொது மடங்கு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

விகிதத்தைக் கண்டறிதல்

பழைய வண்டியில் எந்த இருசு உள்ளது என்பதை ஆவணத்தை நம்பி முடிவு செய்யலாகாது. பல கை மாறிய வண்டியில் எவரோ ஒருவர் அதை மாற்றியிருக்கக்கூடும். கூட்டைத் திறந்து பற்களை எண்ணுவதே உறுதியான வழி. திறக்காமல் அறியவும் ஒரு வழி உண்டு. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தை 20 முறை சுற்றி, அதற்குள் புரொப்பெல்லர் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் சக்கரம் பாதியளவாகிய 10 சுற்றே சுற்றும். ஆகவே தண்டின் சுற்றுகளைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 53¾ சுற்று வந்தால் 5.38, 48¾ வந்தால் 4.88. தண்டிலும் சக்கரத்திலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் எண்ணிக்கை தவறாது.

இச்சோதனையில் ஒரு பெரிய அபாயம் மறைந்திருக்கிறது. பழைய ஜீப்புகளில் கைபிரேக்கு பின்சக்கரங்களில் இல்லை; டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால் புரொப்பெல்லர் தண்டின் மேல் இருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களும் தரையில் இருக்கும் வரை அது வண்டியை நிறுத்தும். ஒன்றைத் தூக்கிவிட்டால், தண்டு அசையாவிட்டாலும், தரையிலுள்ள சக்கரம் ஒரு பக்கமும் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமுமாகச் சுழல முடியும். வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டுவிடும். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கக் கைபிரேக்கை விடுவிக்க வேண்டியும் இருக்கிறது. எனவே சமதரையில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். வண்டிக்கு அடியில் எவரும் படுத்திருக்கலாகாது. இருசுத் தண்டு ஒன்று முறிந்த வண்டியிலும் இதே காரணத்தால் கைபிரேக்கு பயன்படாது. சரிவில் நிறுத்திய வண்டி ஓடிவிட்டது என்ற செய்தி வந்தால் கைபிரேக்கின் பட்டையை மட்டும் பார்த்து அமைதல் போதாது.

அடுத்து அறிய வேண்டுவது டயரின் உருட்டளவு. வழக்கமான பாரத்தோடு வண்டியைத் தரையில் நிறுத்தி, டயரிலும் தரையிலும் குறியிட்டு, சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்படி தள்ளி, தரையில் கடந்த தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். 6.00-16 அளவுள்ள டயர் ஏறத்தாழ 2.2 மீட்டர் காட்டும்.

மலைப்பாதைக் கணக்கு

பாரத்தோடு மொத்தம் 2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி பேர்ணாம்பட்டிலிருந்து திரும்பி வருகிறது என்று கொள்ளலாம். பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்று எதிர்ப்படுகிறது. எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 167 கிலோகிராம், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். டயர் உருள்வதற்கான தடை சுமார் 40 கிலோகிராம். ஆக 207 கிலோகிராம் விசையைச் சக்கரம் தர வேண்டும். சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர் ஆதலால் இருசில் 72 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை வேண்டும்.

இயந்திரம் புதிதாக இருந்தபோது சுமார் 15.8 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை தந்தது. தேய்ந்த இயந்திரத்தில் 12 தேறும் எனக் கொள்ளலாம். பற்சக்கர உராய்வில் எட்டில் ஒரு பங்கு போக, மிச்சம் 10.5. எழுபத்திரண்டை இதனால் வகுத்தால் 6.9 வருகிறது. கியர் விகிதத்தையும் இருசு விகிதத்தையும் பெருக்கிய தொகை இதற்குக் குறையாமல் இருந்தால்தான் வண்டி ஏறும்.

இந்த ஜீப்புகளின் கியர் பெட்டியில் முதல் கியர் 2.80, இரண்டாவது 1.55, மூன்றாவது நேரடி. 5.38 இருசோடு இரண்டாவது கியரின் தொகை 8.3, வண்டி எளிதில் ஏறும். 4.88 இருசோடு 7.6, ஏறும், கைவசம் சிறிது மிச்சமும் இருக்கும். 4.27 இருசோடு 6.6 மட்டுமே; ஏறாது. முதல் கியருக்கு இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் 5.38 இருசுள்ள வண்டி, இயந்திரம் நிமிஷத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். 4.27 இருசுள்ள வண்டி முதல் கியரில் அதே சுற்றில் 28 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். வேகத்துக்காகப் பொருத்திய இருசு ஏற்றத்தில் வண்டியைத் தாமதப்படுத்துகிறது.

தாமதம் பொறுக்கக்கூடியதே. இதைவிடக் கவலை தருவது வேறொன்று. இந்தக் கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் அமைப்பு இல்லை. ஓடும் வண்டியில் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மாற்றுவது இலேசன்று. கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் இயந்திரத்தின் சுற்றைச் சரியாக உயர்த்தித் தருகின்ற கைப்பழக்கம் வேண்டும். அது தவறினால் கியர் விழாது. வண்டி நியூட்ரலில் நிற்கும். ஏற்றத்தில் இவ்வாறு நேர்ந்தால் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். இறக்கத்திலோ இயந்திரத்தின் பிடி முற்றிலும் அறுந்துபோகும்.

இறக்கத்தில் இயந்திரம் ஒரு பிரேக்காகப் பணிபுரிகிறது. எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. இருசு விகிதம் 5.38-லிருந்து 4.27-க்குக் குறையும்போது, அதே கியரில் இயந்திரத்தின் தடுப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குறைந்த பங்கைப் பிரேக்குகள் ஏற்க வேண்டும். 2,000 கிலோகிராம் எடை 400 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 20 பாகை வெப்பமுள்ள 23 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இயந்திரத்துக்கும் காற்றுக்கும் போகாத பங்கு முழுவதும் நான்கு பிரேக் டிரம்களில் வெப்பமாக இறங்குகிறது. டிரம் சூடேறி விரியும். பிரேக் பட்டையின் உராய்வு குறையும். மிதி ஆழமாகப் போகும். கடைசி வளைவுகளில்தான் இது தெரியவரும்.

விரைவுச்சாலைக் கணக்கு

இப்போது மேற்குப் பக்கம் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2.2 மீட்டர் உருட்டளவுள்ள சக்கரம் நிமிஷத்துக்கு 606 முறை சுற்றுகிறது. நேரடிக் கியரில் 5.38 இருசோடு இயந்திரம் 3,260 சுற்றும், 4.88 இருசோடு 2,955 சுற்றும், 4.27 இருசோடு 2,590 சுற்றும் சுற்ற வேண்டும். 3,260 சுற்றில் பிஸ்டன் ஒரு நிமிஷத்தில் 720 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பழைய இயந்திரத்தை மணிக்கணக்கில் இப்படி ஓட்டினால் எண்ணெய் எரியும், இரைச்சல் காதைத் துளைக்கும், ஆயுளும் குறையும். வண்டிக்காரர்கள் சிறிய விகிதத்தை நாடுவதற்கு நியாயம் உண்டு.

ஆனால் அந்த 80 கிலோமீட்டர் வேகம் உண்மையில் கிட்டுமா என்றும் பார்க்க வேண்டும். பெட்டி போன்ற முகமுள்ள இவ்வண்டிக்கு அவ்வேகத்தில் காற்றின் தடை ஏறத்தாழ 55 கிலோகிராம். உருளும் தடை 40. ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற, கண்ணுக்குப் புலப்படாத ஏற்றம் வந்தால் இன்னொரு 40. மொத்தம் 135. முன்போலவே கணக்கிட்டால் வேண்டிய விகிதம் 4.5. ஆகவே 4.27 இருசோடு நேரடிக் கியரில் வண்டி தளர்ந்துபோகும். இரண்டாவது கியருக்கு மாற்றினால் இயந்திரம் 4,000 சுற்றுக்குக் கத்தும். 4.88 இருசுள்ள வண்டியோ கியர் மாற்றாமலே அந்த ஏற்றத்தைக் கடக்கும். காற்றின் தடையைத் துல்லியமாகக் கணிப்பது அரிதாதலால் இவ்வெண்கள் சிறிது முன்பின் ஆகலாம், திசை மாறாது. சிறிய விகிதம் வேகத்தைத் தருவதில்லை. வேகத்துக்கு இடம் தருகிறது. அந்த இடத்தை நிரப்ப இயந்திரத்தில் வலு வேண்டும்.

மேற்படி பெட்ரோல் வண்டி இரண்டு சாலைகளிலும் ஓட வேண்டுமாயின் 4.88-ஐத் தாண்டிக் கீழே போகாதிருப்பதே தக்கது. பாரமும் மலையுமே பிழைப்பு என்றால் 5.38-ஐ மாற்றத் தேவையில்லை. 6.00-16 டயருக்குப் பதிலாக, வளைவிலும் ஸ்பிரிங்கிலும் உரசாது என்று உறுதி செய்துகொண்டு, 2.35 மீட்டர் உருட்டளவுள்ள சற்றுப் பெரிய டயரைப் போட்டாலே 5.38 இருசு 5.04 போல் நடந்துகொள்ளும். செலவும் குறைவு. அதே வேளையில் பிரேக்கின் பிடியும் அதே அளவு குறைகிறது.

டீசல் இயந்திரம் மாற்றிய வண்டிகளுக்குக் கணக்கு வேறு. மகிந்திரா நிறுவனம் 1979-இல் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு டீசல் ஜீப்புகள் பெருகின. நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாத டீசல் இயந்திரத்தை 5.38 இருசோடு இணைத்தால் வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 61 கிலோமீட்டரோடு நின்றுவிடும். 4.27 இருசு அதை 77 ஆக்கும். அந்த இயந்திரம் 15 கிலோகிராம்-மீட்டர் தருமானால், மேற்சொன்ன ஏற்றத்துக்கு வேண்டிய தொகை 5.5 மட்டுமே, 4.27 இருசோடு இரண்டாவது கியரே போதும். ஆனால் டீசல் என்றாலே இழுப்பு மிகுதி என்று எண்ணிவிடுதல் தவறு. சிறிய டீசல்கள் சிலவற்றின் முறுக்கு விசை பழைய பெட்ரோல் இயந்திரத்தைவிடக் குறைவானது. எண்ணைக் கேட்டறிந்த பின்னரே இருசைத் தேட வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன் இருசும் பின் இருசும் ஒரே விகிதத்தில் இருத்தல் இன்றியமையாதது. பின்னால் 4.88-ஐப் பொருத்தி முன்னால் 5.38-ஐ விட்டுவிட்டால், முன் இருசை இணைத்தவுடன் பின்சக்கரங்கள் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓட முயலும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். உறுதியான தரையில் தண்டுகள் முறுக்கேறி, டிரான்ஸ்ஃபர் பெட்டியோ ஜாயிண்டோ உடையும். இந்த ஜீப்புகளில், பழைய அமைப்பு மாற்றப்படாதிருந்தால், முன் இருசை இணைத்தால்தான் தாழ்ந்த நிலைக் கியர் விழும். 2.46 மடங்கு இழுப்பைத் தரும் அந்தக் கியர், ஏரிக்கரைச் சேற்று வயலிலிருந்து பாரத்தோடு வெளியேறுவதற்குப் பேருதவி. பின் இருசை மட்டும் மாற்றுபவர் அதை இழக்கிறார்.

இருசை முழுமையாக வாங்குவதானால், அரைத்தண்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு வகையில் வண்டியின் பாரமும் சக்கரத்தின் முறுக்கும் ஒரே தண்டின்மேல் விழுகின்றன. தண்டு வெளிப்புறத்தில் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடும். மற்றொரு வகையில் சக்கரக் குடம் இருசுக் குழாயின்மேல் இரண்டு பேரிங்குகளில் அமர்ந்திருக்கும். தண்டு முறுக்கை மட்டும் தாங்கும். தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். பாரவண்டிக்குப் பின்னதே மேல்.

ஜீப் வகையில் நடுக்கூடு நட்டநடுவில் இராமல் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் வாயும் அப்பக்கமே. வேறு வண்டியின் நடுவில் கூடுள்ள இருசை மாட்டினால் புரொப்பெல்லர் தண்டு சாய்ந்து ஜாயிண்ட் விரைவில் தேயும். ஸ்பிரிங் அமரும் இடங்களின் இடைவெளி, சக்கரத்தின் போல்ட்டு அமைப்பு, பிரேக் டிரம்மின் அளவு ஆகியவற்றை அளவுநாடாவோடு சென்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டிரம் பழையதைவிடச் சிறிதாயின் விலை எவ்வளவு மலிவாயினும் அந்த இருசு வேண்டாம்.

பழைய கூட்டிலேயே கிரவுனையும் பினியனையும் மட்டும் மாற்றுவோர், இரண்டும் ஒன்றாக இழைக்கப்பட்ட இணைதானா என்று அவற்றில் பொறித்த எண்ணை ஒப்பிட வேண்டும். ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைப் பழைய இருப்பிலிருந்தும் போட்டால் சில நாட்களில் ஊளையிடத் தொடங்கும். டானா 44 வகை இருசில் 3.92-உம் அதற்கு மேற்பட்ட விகிதங்களும் ஒரு வகைக் கூண்டிலும், 3.73-உம் அதற்குக் கீழ்ப்பட்டவையும் வேறு கூண்டிலும் அமர்கின்றன. பற்கள் சரியாகப் பொருந்தினவா என்பதை நீலச் சாயம் தடவிச் சுழற்றி, பதியும் தடம் பல்லின் நடுவே விழுகிறதா எனப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ஹைப்பாய்டு பற்களுக்கு உரிய கியர் எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

வேகமானிக்கு அசைவு டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து கிடைப்பதால் இருசு மாறியது அதற்குத் தெரியாது. 5.38-க்குப் பதில் 4.27 பொருத்திய வண்டியில் முள் 50-ஐக் காட்டும்போது வண்டி 63 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேகமானியின் சிறு பற்சக்கரத்தை மாற்றும் வரையில், கிலோமீட்டர் கற்களைக் கொண்டு நேரம் பார்த்து உண்மை வேகத்தைக் கணித்து, ஓட்டுநரின் கண்ணெதிரே எழுதி ஒட்டிவைக்கலாம். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களோடு முரண்படும் மாற்றத்துக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. இயந்திரத்தையும் சேர்த்து மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றிய வண்டியை முதல் நாளே முழுப் பாரத்தோடு அனுப்பலாகாது. வெறும் வண்டியாகத் தங்கவயல் வரை சென்று திரும்பி, நடுக்கூட்டின் சூட்டையும் எண்ணெய்க் கசிவையும் பார்க்க வேண்டும். அடுத்த நாள் அரைப் பாரத்தோடு மலைப்பாதையில் இறங்கி, பேர்ணாம்பட்டின் முதல் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, நான்கு பிரேக் டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கலாம். டிரம்மைத் தொடவேண்டியதில்லை. அனல் முகத்தில் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, முழுப் பாரம் ஏற்றும் முன் அவ்வண்டி மீண்டும் பட்டறைக்கே செல்ல வேண்டும்.